என் மகனின் மூச்சுக்குத் துணை நின்றவர்களுக்கு

29 வாரத்தில், 1 கிலோ 180 கிராம் எடையோடு பிறந்த என் மகனுக்குப் போன வாரம் முதல் பிறந்தநாள். கூட நின்றிருக்க வேண்டியவர்கள் பலர் அன்றைக்கு இல்லை. பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் அக்காவுக்கு. பனிக்குடம் உடைந்து வந்த என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அவசரத்திலும் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுத்தான் வண்டி ஏற்றினீர்கள். "இது உனக்கு இல்லம்மா, பிள்ளையோட நுரையீரலுக்கு" என்றீர்கள். அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் நாள் பிறந்தான், அழுதான். கொஞ்ச நேரத்தில் முனக ஆரம்பித்தான். மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குழி உள்ளே போனது.

இரவுப் பணியில் இருந்த டாக்டரம்மா, நீங்கள் லேப் ரசீதின் பின்பக்கம் வரைந்த திராட்சைக் கொத்து இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பழமும் ஒரு காற்றுப் பை. பெரியவர்களுக்கு அப்படிச் சுமார் 30 கோடி. பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர், ஒரு சின்ன வீட்டுத் தரை அளவு வரும் என்றீர்கள். பையைச் சுற்றி ரத்தக்குழாய் வலை. நடுவில் இருக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக்சிஜன் பைக்குள் அதிகம், வந்து சேரும் ரத்தத்தில் குறைவு. அதனால் தானாகவே ரத்தத்துக்குள் போகிறது. கரியமில வாயு அதே சுவர் வழியாக வெளியே வருகிறது. ஒரு சிவப்பணு அந்த இடத்தைக் கடக்க ஒரு நொடிகூட ஆவதில்லை, அதற்குள் நிரம்பிவிடுகிறது.

"ஆனா பை திறந்து இருக்கணும்மா" என்றீர்கள். நனைந்த பாலித்தீன் பை ஒட்டிக்கொள்வதுபோல, குறைமாதப் பிள்ளைக்கு மூச்சு விட்டதும் பைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்ளும் சர்ஃபாக்டன்ட் அவனுக்குப் போதுமான அளவு சுரக்கவில்லை. செவிலியர் அக்கா போட்ட ஊசி அதைச் சீக்கிரம் சுரக்க வைப்பதற்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த முனகல்கூட, காற்றை முழுக்க வெளியே விடாமல் பைகளைத் திறந்து வைக்க அவனே செய்த முயற்சியாம். அதைக் கேட்டுத்தான் அன்றைக்கு அழுதேன்.

அந்த சர்ஃபாக்டன்ட்டே மருந்தாக, பால் நிறத்தில் கொஞ்சம், மூச்சுக்குழாய் வழியாக உள்ளே போனது. அப்புறம் சி-பாப், மூக்கு வழியாக விடாமல் லேசான அழுத்தத்தில் காற்று கொடுத்துப் பைகளைத் திறந்து வைக்கும் கருவி. தண்ணீர் பாட்டிலுக்குள் குமிழி விடும் அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்தேன். இந்த நோய்க்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவுதான் என்று 1959இல் காட்டியவர் மேரி எலன் ஏவரி. 1980இல் அதையே மருந்தாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டவர் ஜப்பானின் ஃபுஜிவாரா. இருவரையும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களுக்கும் என் வணக்கம்.

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வின் சிஸ்டர், உங்களிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் 91 சதவீதம் என்று பார்த்து, "ஆக்சிஜனைக் கூட்டுங்க, ஏன் கஞ்சத்தனம்?" என்று கத்திவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. 90க்கும் 95க்கும் நடுவில் இருந்தால் போதும், அளவு மீறினால் கண்ணின் விழித்திரை கெட்டுவிடும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். நாலாவது வாரம் கண் டாக்டர் பார்த்தார், பார்வை நன்றாக இருக்கிறது. என் நெஞ்சோடு அவனைச் சேர்த்துக் கட்டி, கங்காரு முறையில் வைத்துக்கொள்ளப் பழக்கியதும் நீங்கள்தான்.

கடைசியாக, அன்று இரவு 108 வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்த தம்பி. உங்கள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. "பிள்ளை பிறந்ததும் சொல்லுங்கக்கா" என்றீர்கள். பையன் பிறந்தான் தம்பி. இப்போது எட்டரை கிலோ. மெழுகுவர்த்தியை ஊதச் சொன்னோம். எச்சில்தான் தெறித்தது, மூன்றாவது தடவை அணைத்துவிட்டான்.