விட்டுப்போன துளை

பாப்பாவுக்கு,

நீ லேபில் செய்கிற பொடித்துளைத் தகட்டை மைக்ராஸ்கோப்பில் எடுத்துப் போன வாரம் அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும், "நடுவுல ஒரு துளை விட்டுப்போச்சே, ஆபரேட்டர் தூங்கிட்டானா?" என்று எழுதினேன். நீ ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். அப்புறம் உன் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரெண்டு ராத்திரி படித்தேன். அந்த விட்டுப்போன இடம்தான் லேசராம்!

முப்பத்தொரு வருஷம் பெங்களூர் பீன்யா பேட்டையில் டிரில்லிங் மெஷின் முன்னால் நின்றவனுக்கு, துளை போடாமல் விடுவதும் ஒரு வேலை என்று எப்படித் தோன்றும், நீயே சொல்லு. ஃபோட்டானிக் கிரிஸ்டல் என்று பேராம்: மெல்லிய தகட்டில் தேன்கூடு மாதிரி வரிசையாகத் துளை, துளைக்குத் துளை இடைவெளி ஒளியின் அலைநீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. எந்தப் பக்கம் போனாலும் துளைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றுசேர்ந்து ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன, மேலேயும் கீழேயும் காற்று என்பதால் முழு அக எதிரொளிப்பு, அதாவது சாய்வாகப் போகிற ஒளி தகட்டின் பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும், ஆக துளை இல்லாத அந்தத் திட்டில் ஒளி மாட்டிக்கொள்கிறது. 1987இல் யாப்லோனோவிச், சஜீவ் ஜான் என்ற இரண்டு இயற்பியல்காரர்கள் தனித்தனியாக இந்த யோசனையை எழுதினார்கள். 1999இல் கலிபோர்னியாவில், கால்டெக் பல்கலைக்கழகத்தில், ஒரே ஒரு துளையை விட்டுவிட்டு லேசர் செய்தார்கள், அதுவும் மைனஸ் 130 டிகிரிக்குக் குளிர வைத்து, வெளியிலிருந்து வேறு ஒளியைப் பாய்ச்சி. இடம் அவ்வளவு சின்னது என்பதால் வேறு பக்கம் வீணாகிற ஒளி குறைவு, அதனால் கொஞ்சம் சக்தியிலேயே பற்றிக்கொள்ளும் என்று அண்ணன் சொன்னான். சரி, புரிந்தது.

என்னைத் தூங்க விடாதது வேறொன்று. 2003இல் ஜப்பானில், கியோட்டோவில் நோடா என்பவரின் குழு, சிலிக்கான் தகட்டில் வரிசையாக மூன்று துளைகளை விட்டுவிட்டு, அந்த இடைவெளியின் இரண்டு முனையிலும் இருக்கிற துளைகளை வெளிப்பக்கமாக அறுபது நானோமீட்டர் போலத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒளி தங்கும் நேரம் பல மடங்கு கூடிவிட்டதாம். எனக்கு டிரில்லுக்கு வழிகாட்டுகிற ஜிக் புஷ் தேய்ந்து துளை ஐம்பது மைக்ரான் தள்ளிப் போனதற்கு நாற்பது ஃபிளாஞ்சும் ஸ்க்ராப், ஒரு நாள் கூலியும் போயிற்று; உங்கள் ஆட்கள் அதில் எண்ணூறில் ஒரு பங்கை வேண்டுமென்றே தள்ளிப் பேர் வாங்கிவிட்டார்கள்! காரணமும் படித்தேன். சுவர் சட்டென்று வந்தால் ஒளி மோதி மேலேயும் கீழேயும் ஒழுகிவிடும், ஓரம் கொஞ்சம் தளர்வாக இருந்தால் படிப்படியாக அடங்கும். மெஜஸ்டிக் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் நிலைகுலைவதை நினைத்துக்கொண்டேன், மெதுவாக மிதித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஒரு கேள்வி, மெஷின் ஷாப்காரன் கேள்வி. சூடு எங்கே போகும்? அடியில் இருப்பதை ஆசிட்டில் கரைத்துவிட்டுத் தகட்டை அந்தரத்தில் தொங்க விடுகிறீர்கள், காற்று சூட்டை இழுக்காதே, நாங்களென்றால் கூலன்ட் ஊற்றுவோம். 2004இல் கொரியாக்காரர்கள் திட்டுக்கு அடியில் சின்னக் கால் ஒன்றை விட்டு அதன் வழியாக மின்சாரம் ஏற்றினார்களாம், அதே காலில் சூடும் கொஞ்சம் இறங்கும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஊசி மாதிரி இருக்கும் அந்தக் கால் எவ்வளவு சூட்டைத் தாங்கும்? நீ செய்வதில் கால் உண்டா, இல்லையா? போனில் வேண்டாம், எழுதி அனுப்பு, போனில் நீ அவசரப்படுகிறாய்.

அம்மாவிடம் அந்த ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது என்றேன். "தெரியாத வெளிச்சத்துக்கா இவ்வளவு தூரம் போயிருக்கா?" என்கிறாள். தூசி புகாத உன் சுத்த அறையில் நாள் முழுக்கத் தலையை மூடிக்கொண்டு நிற்பதால்தான் முடி கொட்டுகிறதா என்றும் கேட்கச் சொன்னாள். அதற்கு முதலில் பதில் போடு.

அப்பா