டைட்டில் பிளாக்கை மாணவர்களே செய்யக் கற்றுக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையின் சிறு பட்டறைகள் கணினிக்கு மாறிவருவது பற்றி உங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிஎன்சி இயந்திரம் முதல் முப்பரிமாண அச்சு வரை எல்லாம் அதில் இருந்தன. பட்டறைக்குள் கைக்குக் கை மாறும் டிராயிங் தாளைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்தத் தாளின் வலது கீழ் மூலையில், பாகத்தின் பெயர், எண், மூலப்பொருள் போன்றவற்றை எழுதும் கட்டங்களின் தொகுதியான டைட்டில் பிளாக்கைப் பற்றிப் பேசுவார் யாருமே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஐடிஐயில் டிராப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் படித்தவள். மினி டிராஃப்டர் பூட்டிய பலகையில் டிரேசிங் தாளை ஒட்டி, ரோட்ரிங் பேனாவில் மை போட்டு வரைந்து, அம்மோனியா நெடிக்கு நடுவே பிரிண்ட் எடுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது கோவை கணபதி பகுதியில் சிறிதாக ஒரு டிராயிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். பம்ப் உதிரி பாகங்கள், வார்ப்புக்கான மாதிரியுருவாகிய பேட்டர்ன், வேலையின்போது பாகத்தைப் பிடித்து வைக்கும் ஜிக், ஃபிக்ஸர் என்று சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கு வேண்டியதை வரைந்து கொடுப்பது எங்கள் தொழில்.

பலகைக் காலத்தில் பெரிய கம்பெனிகளில் டைட்டில் பிளாக் அச்சடித்த தாளே வரும். கட்டங்களை நிரப்புவது மட்டும் நம் வேலை. நிரப்பாமல் விட்ட கட்டம் வெறுமையாகக் கிடக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். கணினி வந்த பிறகு அந்த ஒழுங்கு குலைந்துபோயிற்று. இன்று பல இடங்களில் நடப்பது இதுதான்: போன மாதத்து டிராயிங்கைத் திறக்கிறார்கள், வேறு பெயரில் சேமிக்கிறார்கள், படத்தை மாற்றுகிறார்கள், மூலையில் இருக்கும் எழுத்துகளில் கண்ணில் பட்டதை அழித்துவிட்டு மேலே தட்டச்சு செய்கிறார்கள். கண்ணில் படாதது பழையபடியே நிற்கிறது. வெறுங்கட்டமாவது கேள்வி கேட்க வைக்கும். பழைய தகவல் நிரம்பிய கட்டத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ஃபவுண்டரியில், அதாவது வார்ப்பாலையில், நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பம்பின் வெளிக்கூடான கேசிங் ஒன்றுக்கு எஃப்ஜி 260 தரத்து வார்ப்பிரும்பு வேண்டுமென்று ஆர்டர். ஐஎஸ் 210 என்ற இந்தியத் தரநிலையில் இந்த எண், இரும்பு தாங்க வேண்டிய குறைந்தபட்ச இழுவலிமையைக் குறிக்கும். டிராயிங் கொடுத்தவர்கள் முந்தைய மாடலின் கோப்பை நகலெடுத்து வரைந்திருந்தார்கள். அளவுகள் எல்லாம் புதியவை. மூலப்பொருள் கட்டத்தில் மட்டும் எஃப்ஜி 200 என்ற பழைய எழுத்து நின்றது. ஃபவுண்டரிக்காரர் தாளில் இருந்ததைத்தான் உருக்கி ஊற்றினார். மொத்த லாட்டும் திரும்பி வந்தது. பேட்டர்னில் குறையில்லை, மோல்டில் குறையில்லை, மெஷினிங்கில் குறையில்லை. ஒரு சிறு கட்டம் எல்லார் உழைப்பையும் வீணாக்கிவிட்டது. அந்த வார்ப்புகளை மறுபடி உடைத்துக் குப்போலா உலையில் போட்டதைப் பார்த்தவள் நான்.

இதற்கு வழி இருக்கிறது, பணமும் தேவையில்லை. ஃப்ரீகேட் என்ற கட்டற்ற முப்பரிமாண வரைபட மென்பொருளை 2024 நவம்பரில் 1.0 பதிப்பாக வெளியிட்டிருக்கிறார்கள். அதில் டெக்டிரா என்று ஒரு பகுதி உண்டு. முப்பரிமாண மாதிரியிலிருந்து முன்தோற்றம், மேல்தோற்றம், வெட்டுத்தோற்றம் எடுத்து அளவு போட்டுத் தாளில் அடுக்குவது அங்கேதான். அந்தத் தாளே ஒரு எஸ்விஜி கோப்பு. எஸ்விஜி என்றால் கோடுகளையும் எழுத்துகளையும் வரிவரியாக எழுதி வைத்த உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். அதில் ஒரு எழுத்துக்கு மட்டும் 'ஃப்ரீகேட் எடிட்டபிள்' என்ற பண்பைச் சேர்த்து, 'பகுதி எண்' என்பதுபோல அதற்கு ஒரு பெயரும் கொடுத்துவிட்டால் போதும். டெக்டிராவில் அந்தத் தாளைத் திறக்கும்போது அந்த எழுத்தின் அருகே பச்சைக் குறி ஒன்று தெரியும். அதைச் சொடுக்கினால் சிறு பெட்டி திறக்கும், நிரப்பலாம். தாளின் விளிம்புக்கோடு, கட்டங்கள், கம்பெனி பெயர் ஆகியவை அங்கே அசையாமல் இருக்கும். திருத்த வேண்டியது எது, கூடாதது எது என்பதைத் தாளே சொல்லிவிடுகிறது.

இப்படி ஒரு டெம்ப்ளேட், அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மாதிரித் தாள், செய்வது கடினம் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும்; அதுவும் இலவசம். ஒன்றுமில்லாத பக்கத்தில் தொடங்க வேண்டாம். ஃப்ரீகேடோடு வரும் ஏ3 தாளை நகலெடுத்து அதில் கை வையுங்கள். 'ஃப்ரீகேட்' என்ற முன்னொட்டு எதைக் குறிக்கிறது என்று அறிவிக்கும் வரி அந்தக் கோப்பின் தலையில் ஏற்கெனவே இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் நீங்கள் சேர்க்கும் பண்பை மென்பொருள் கண்டுகொள்ளாது.

அடுத்தது அளவு. ஏ3 படுக்கைத் தாளுக்கு அகலம் 420 மி.மீ., உயரம் 297 மி.மீ. என்று கோப்பில் எழுதியிருக்கும். அதோடு 'வியூபாக்ஸ்' என்ற இடத்தில் 0, 0, 420, 297 என்ற அதே எண்கள் இருக்க வேண்டும். அப்போதுதான் கோப்பின் உள்ளே ஓர் அலகு என்பது தாளில் ஒரு மில்லிமீட்டர். பிக்சல் கணக்கில் விட்டுவிட்டால் பச்சைக் குறி ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போகும். பழைய இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று வைத்திருந்தது. 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து அது 96 ஆயிற்று. பழைய டெம்ப்ளேட்டை இரவல் வாங்குகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

எழுத்துகளைக் குழுவாகக் கட்டி நகர்த்தினால், நகர்த்திய தூரம் குழுவின் மேல் தனியாகப் பதிவாகும். எழுத்தின் சொந்த இடம் பழையதாகவே இருக்கும். பச்சைக் குறி அந்தப் பழைய இடத்தைத்தான் நம்பும். அதனால் குழுவைப் பிரித்த பிறகே சேமிக்க வேண்டும். நிரப்ப வேண்டிய எழுத்தைக் கோட்டுருவாக மாற்றவே கூடாது. மாற்றினால் அது படமாகிவிடும், திருத்த முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப்பெயர் வையுங்கள். கட்டத்தை முழுக்க வெறுமையாக விடாமல் ஒரு சிறு கோடாவது போட்டு வையுங்கள். எழுத்தே இல்லாத இடத்தில் சொடுக்க எதுவும் இருக்காது. அந்தக் கோடு நிரப்பாமல் அச்சானாலும் நல்லதுதான். மூலப்பொருள் கட்டத்தில் வெறும் கோட்டைப் பார்க்கும் ஃபவுண்டரிக்காரர் போன் செய்து கேட்பார்.

எழுத்தின் உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டென்சில் வைத்து எழுதிய எங்கள் தலைமுறைக்கு 2.5, 3.5, 5 மி.மீ. என்ற வரிசை மனப்பாடம். கணினி எழுத்துருவில் கொடுக்கும் அளவு, பெரிய எழுத்தின் உயரத்தைவிடக் கூடுதலாக இருக்கும். 3.5 மி.மீ. உயரம் வேண்டுமென்றால் எழுத்துரு அளவை ஏறக்குறைய 5 மி.மீ. வைத்து, அச்சடித்து, ஸ்கேலால் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்பதில் ஆளாளுக்கு ஒரு வழக்கம். அதற்குத் தரநிலை இருக்கிறது. ஐஎஸ்ஓ 7200 என்ற தரநிலையின் 2004ஆம் ஆண்டுப் பதிப்பு, உரிமையாளர், அடையாள எண், வெளியிட்ட தேதி, தாள் எண், தலைப்பு, ஒப்புதல் தந்தவர், உருவாக்கியவர், ஆவண வகை ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. அதன்படி டைட்டில் பிளாக்கின் அகலம் 180 மி.மீ. ஏ4 தாளின் 210 மி.மீ. அகலத்தில், ஃபைலில் குத்துவதற்கு இடப்புறம் 20, வலப்புறம் 10 விட்டால் மிச்சம் சரியாக 180. ஒரே டைட்டில் பிளாக் எல்லாத் தாளுக்கும் பொருந்தும். நம் கல்லூரிகளில் இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் எஸ்பி 46 வழிகாட்டியின்படி 185க்கு 65 மி.மீ. கட்டத்தைப் பென்சிலில் போடச் சொல்லித் தருகிறார்கள். எதையாவது ஒன்றைப் பின்பற்றுங்கள், ஆனால் எல்லாரும் அதையே பின்பற்றுங்கள் என்பது என் வேண்டுகோள். மூலப்பொருள், ஸ்கேல் (வரைபட விகிதம்), திருத்த எண், தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் அடுக்கியிருக்கிறோம் என்று சொல்லும் முதற்கோண வீழல் குறியீடு ஆகிய நான்கும் நம் பட்டறைகளுக்கு இல்லாமல் முடியாது. அமெரிக்க வாடிக்கையாளரின் டிராயிங் மூன்றாம் கோணத்தில் வரும்; அதில் தோற்றங்கள் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். குறியீடு இல்லாத தாளில் இடது எது வலது எது என்று லேத் ஓட்டும் டர்னர் ஊகித்து வேலை செய்யும் நிலை வரக்கூடாது.

இன்னொன்றையும் என் டெம்ப்ளேட்டில் விடாமல் வைத்திருக்கிறேன். கீழ் விளிம்பில் 100 மி.மீ. நீளத்தில், 10 மி.மீ.க்கு ஒரு கோடாக ஓர் அளவுப்பட்டை. பழைய தரநிலைகளில் சொன்னதுதான். இன்று பிரிண்டர்கள் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைத் தாமாகச் சுருக்கிவிடுகின்றன. ஒன்றுக்கு ஒன்று என்று எழுதியிருக்கும் தாள் உண்மையில் சற்றுச் சிறியதாக வரும். பட்டையின் மேல் எஃகு ஸ்கேலை வைத்தால் பட்டறையிலேயே தெரிந்துபோகும். டிராயிங்கை அளந்து வேலை செய்யக்கூடாது என்பது விதி. ஆனாலும் கேஸ்கெட் வெட்டுகிறவர்கள் தாளையே அட்டையில் ஒட்டி வெட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் டெம்ப்ளேட்டில் கட்டங்களின் தலைப்பு ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது. பீகார், ஒடிசா தொழிலாளர்கள் அதிகம் இருக்கும் ஒரு பட்டறைக்கு இந்தியும் சேர்த்துக் கொடுத்தோம். எஸ்விஜி யூனிகோடை ஏற்பதால் இதில் சிக்கல் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கணினியில் நிறுவியிருந்தால் போதும். பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து ஒட்டாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. பட்டறைகள் இன்னும் தயங்கக் காரணமில்லை.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, நல்ல வசதிதான். பெரிய கம்பெனிகள் அதை ஒழுங்காகப் பயன்படுத்துகின்றன. இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்திருப்பவருக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது பெரிய பாரம். அதனால் திருட்டுப் பிரதியில் ஓட்டுகிறார். அதோடு அந்த டெம்ப்ளேட் அந்த மென்பொருளின் கோப்புக்குள் பூட்டப்பட்டிருக்கும். எஸ்விஜியை இன்னும் எத்தனை வருடம் கழித்தும் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். ஃப்ரீகேடில் டெம்ப்ளேட்டின் நகல் டிராயிங் கோப்புக்குள்ளேயே போய்விடுவதால், தாளைத் தனியாக அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், பாகங்களின் பட்டியலிலிருந்து பெயரையும் மூலப்பொருளையும் எடுத்து எல்லாத் தாளின் கட்டங்களையும் மேக்ரோ என்ற ஒரு சிறு நிரலால் நிரப்பிவிடலாம். என் ஆபீசில் பயிற்சிக்கு வந்த பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி அதைச் செய்து காட்டினாள். எஃப்ஜி 200 கதைக்கு அதுதான் சரியான மருந்து. தகவல் ஒரே இடத்தில் இருக்கும், தாள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

அந்த மாணவிக்கு மென்பொருளில் மாதிரி செய்யத் தெரிந்திருந்தது, அளவு போடத் தெரிந்திருந்தது. டைட்டில் பிளாக்கை மட்டும் அவள் தொட்டதே இல்லை. கல்லூரியில் கொடுத்த தாளில் பெயரும் பதிவு எண்ணும் எழுதியதோடு சரி. தேர்விலும் அதற்குப் பெயரளவுக்குத்தான் மதிப்பெண். இந்த நிலை மாற வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும், ஐடிஐகளை நடத்தும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையும் கணினி வரைபடச் செய்முறையில் ஒரு பயிற்சியை மட்டும் சேர்க்கட்டும்: மாணவர் தானே ஓர் ஏ3 டெம்ப்ளேட் உருவாக்கி, திருத்தக்கூடிய கட்டங்கள் வைத்து, அதில் ஒரு பாகத்தை வரைந்து, அச்சடித்து, அளந்து காட்ட வேண்டும். இதற்கு உரிமக் கட்டணம் இல்லை, புதிய ஆய்வகமும் வேண்டாம். இருக்கும் கணினிகளே போதும்.

கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியா போன்ற தொழில் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஏ4, ஏ3, ஏ2 மூன்று தாள்களுக்கும் பொதுவான டெம்ப்ளேட் ஒன்றைத் தயாரித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். கம்பெனி பெயரையும் சின்னத்தையும் அவரவர் மாற்றிக்கொள்ளட்டும்; கட்டங்களின் இடமும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பேட்டர்ன் கடைக்காரரும் ஃபவுண்டரிக்காரரும் மெஷின் ஷாப்காரரும் மூலப்பொருளையும் திருத்த எண்ணையும் எந்தத் தாளிலும் ஒரே இடத்தில் தேடுவார்கள். நான் செய்து வைத்திருக்கும் மூன்றையும் அதற்குத் தரத் தயாராக இருக்கிறேன். அதில் குறை கண்டு திருத்த அனுபவம் உள்ள டூல் ரூம் ஆட்கள் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை.

இப்படிக்கு,
டிராப்ட்ஸ்மேன் தொழில் செய்யும் வாசகி,
கணபதி, கோவை.