மாசி வீதிகளில் நடக்க இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

மதுரையில் வழி சொல்வது எளிது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள். 'தெற்கு மாசி வீதி' என்றாலே கோயிலுக்கு எந்தப் பக்கம், எத்தனையாவது சுற்று என்பது தெரிந்துவிடும். அதற்கும் வெளியே உள்ள வெளி வீதிகள், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்த பிறகு வந்தவை. சாமி வலம் வந்து, சனம் பின்னால் நடந்து நடந்து உருவான ஊர் இது.

சித்திரைத் தேரன்று மாசி வீதிகள் முழுக்க மக்களுடையவை. மற்ற நாட்களில்? நடைபாதை இருக்கும் இடத்தில் பைக்கும் சரக்கு மூட்டையும் நிற்கின்றன. வயதானவர்கள் ஆட்டோக்களுக்கு நடுவே நடக்கிறார்கள். பார்க்கவே பதறுகிறது.

வண்டிகளைத் தடுத்த சித்திரை வீதிகளில் குழந்தைகள் ஓடுகிறார்கள், வெளியூர்க்காரர்கள் தரையிலேயே உட்கார்ந்து கோபுரம் பார்க்கிறார்கள். மாசி வீதிகளிலும் மாலை நேரத்திலாவது இது வேண்டும். கீழ மாசி வீதி மளிகை மொத்த வியாபாரிகளின் கவலை நியாயமானது. லோடு இறக்காமல் அவர்களுக்குப் பிழைப்பில்லை. சரி, அதை விட்டுவிட்டு, துணிக்கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பக்கம் முதலில் தொடங்கலாம். வியாபாரிகளையும் நடைபாதைக் கடைக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசி, தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் மாநகராட்சி இதைச் செய்ய வேண்டும்.

— ஒரு வாசகர், மதுரை