குதிக்க வேண்டாம், நடையில் வேகத்தை மாற்றினாலே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'நாலே நிமிடம், தொப்பை காணாமல் போகும்' என்று உடற்பயிற்சிக் கூடங்கள் ஊரெங்கும் பேனர் கட்டுகின்றன. 20 விநாடி முழுமூச்சாகச் செய்வது, 10 விநாடி நிற்பது, இப்படி எட்டுச் சுற்று. இந்தக் கணக்கு, ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள இளைஞர்கள். அவர்கள் மிதித்தது ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளை, தரையில் குதிக்கவில்லை. தொப்பையைக் குறைப்பது அந்த ஆய்வின் நோக்கமும் அல்ல.

இதை அப்படியே எடுத்துவந்து, 95 கிலோ எடையோடு புதிதாகச் சேரும் ஒருவரை டைல்ஸ் தரையில் பர்பி, ஜம்பிங் ஜாக் என்ற குதிக்கும் பயிற்சிகளைச் செய்ய வைக்கிறார்கள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் காலில் இறங்கும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. நடையில் அது எடையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் 'இப்போதெல்லாம் அவ்வளவாக மூச்சு வாங்குவதில்லை' என்று உற்சாகம் பிறக்கும் நேரத்தில் குதிகால் வலியும் முழங்கால் வீக்கமும் வந்து ஆளை வீட்டில் உட்கார வைத்துவிடுகின்றன. கட்டிய ஆண்டுச் சந்தா கூடத்துக்கு லாபம்.

வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்யும் பயிற்சியே தவறு என்று சொல்லவில்லை. அதிக எடை உள்ளவர்களுக்கு அது மிகவும் பொருந்தும். குதிப்பதற்குப் பதிலாக நடந்தால் போதும். ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் உள்ள ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசேயின் குழு இதை நடுத்தர வயதினரிடமும் முதியவர்களிடமும் செய்து பார்த்தது. 3 நிமிடம் வேகநடை, 3 நிமிடம் மெதுநடை, ஐந்து சுற்று, வாரம் நான்கு நாள், ஐந்து மாதம். 2007-ல் வெளியான முடிவின்படி, முழங்காலை நீட்டும் தசையின் வலு 13 சதவீதமும் மடக்கும் தசையின் வலு 17 சதவீதமும் கூடின. ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்கு ரத்த அழுத்தமும் கூடுதலாகக் குறைந்தது. 2013-ல் கோபன்ஹேகனில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நான்கு மாதம் நடந்த இன்னொரு ஆய்வு சிறியதுதான். ஆனால் அதில் உடல் எடையும் வயிற்றுக் கொழுப்பும் குறைந்தது வேகம் மாற்றி நடந்தவர்களுக்கு மட்டுமே.

செய்முறைக்கு வருகிறேன். முதல் ஐந்து நிமிடம் சாதாரண நடை. பிறகு 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெது. இப்படி ஆறு சுற்று. கடைசி ஐந்து நிமிடம் மீண்டும் சாதாரண நடை. மொத்தம் 28 நிமிடம். இரண்டு வாரம் இதையே செய்யலாம். மூன்றாவது வாரத்திலிருந்து 2 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெது என்று ஆறு சுற்று. ஐந்தாவது வாரம் 3-க்கு 3, ஐந்து சுற்று. மறுநாள் காலையில் முழங்கால் கனமாக இருந்தால் அடுத்த படிக்குப் போகாமல் இன்னும் ஒரு வாரம் அங்கேயே நிற்பது நல்லது. வாரம் நான்கு நாளுக்கு மேல் வேகநடை வேண்டாம். மீதி நாள்களில் இரண்டை ஒதுக்கி, நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, இரண்டையும் இரண்டிரண்டு தடவை செய்தால் தொடைக்கும் தோளுக்கும் வேலை கிடைக்கும்.

'வேகம்' என்றால் எவ்வளவு? பேச்சை வைத்தே தெரிந்துகொள்ளலாம். வேகமான நிமிடங்களில் மூன்று, நான்கு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் வரக்கூடாது. மெதுவான நிமிடங்களில் முழு வாக்கியம் தடையில்லாமல் வர வேண்டும். நாடி பார்க்கத் தெரிந்தவர்கள் வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழித்துக்கொள்ளலாம். 45 வயதுக்கு உச்சத் துடிப்பு சுமார் 176. வேகநடையில் 125 முதல் 140 வரை போதும். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வம்பு. அவர்கள் பேச்சுச் சோதனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது மெதுவான நிமிடங்களில்தான். அதில் போதிய அளவு தணியாமல் நடப்பதால், மூன்றாவது சுற்றுக்குள் வேகநடையும் தளர்ந்து, எல்லாமே நடுத்தர வேகத்துக்கு வந்துவிடுகிறது. கைக்கடிகாரத்தில் 28 நிமிடம் ஓடியிருக்கும். நடந்தது வழக்கமான வாக்கிங். மெதுநடையில் வெட்கப்படாமல் ஆமையாக நடக்க வேண்டும். அடுத்தது அடியின் நீளம். வேகம் என்றதும் காலை எட்டி வைக்கிறார்கள். குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் போய் ஊன்றும்போது ஒவ்வோர் அடியும் பிரேக் போட்டது போலாகிறது. முன்கால் எலும்பை ஒட்டி வலி எடுப்பது இதனால்தான். அடியைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். முழங்கையை மடக்கி வீசினால் கால் தானே வேகமெடுக்கும்.

ரப்பர் செருப்போடு வேகநடை கூடாது. செருப்பு நழுவாமலிருக்க விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே இருக்கும். பாதத்தின் அடியில் உள்ள நார்ப்பட்டை இழுபட்டு, காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது முதல் அடியிலேயே குதிகாலில் சுரீர் என்று வலிக்கும். ஷூவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். காலின் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். தார்ச் சாலையின் ஓரச் சரிவில் ஒரே பக்கமாக நடந்தால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும். போன ஓரத்திலேயே திரும்பி வந்தால் சரிவு மறு காலுக்கு மாறி, சரியாகும். தொடை உரசிப் புண்ணாகிறது என்பதற்காகவே பலர், குறிப்பாகப் பெண்கள், விட்டுவிடுகிறார்கள். யாரிடமும் சொல்வதுமில்லை. புறப்படும் முன் தொடையில் வாஸ்லின் தடவி, முழங்கால் வரை இறுக்கமாக இருக்கும் உள்ளாடை போட்டால் அது தீரும். வேகநடை முடிந்ததும் சட்டென்று நிற்காதீர்கள். ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இதே கணக்கை ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளில் செய்யலாம். இருக்கையில் உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இருக்கையை அதைவிடத் தாழ்வாக வைத்துவிட்டு, சைக்கிளால் முழங்கால் கெட்டது என்று குறை சொல்கிறார்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. அளவு 90-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவுக்கு மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டு நடங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கால் மரத்துப்போனவர்கள் வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். சர்க்கரையால் விழித்திரையில் கசிவு உள்ளவர்களும், ஓய்வாக இருக்கும்போதே ரத்த அழுத்தம் 180/110-ஐத் தொடுபவர்களும், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்று வந்தால் உட்கார்ந்து 108-ஐ அழைக்க வேண்டும். 'வாயுதான்' என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

எடை எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிவிடலாம். 80 கிலோ உள்ளவர் இப்படி அரை மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 150 முதல் 180 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700. பூங்கா வாசலில் அருகம்புல் சாறு குடித்துவிட்டு எதிர்க் கடையில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். பயிற்சி முடிந்த பின்னும் பல மணி நேரம் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்று விளம்பரங்கள் சொல்வது, உண்மையில் மிகச் சிறிய அளவே. ஆனால் எடை இறங்காத மாதங்களிலும் மூச்சுத்திறன், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றில் பலன் தெரியும். எடைக்கருவியைவிட இடுப்பளவை நம்புங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கான வரம்பு.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை உள்ளவர்கள். 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை தொடங்கிய அரசுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக நடக்க வரும் பருமனானவருக்கு 8 கி.மீ. என்பது மலைப்பு. பாதையில் 100 மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு 60 விநாடியில் போனால் மணிக்கு 6 கி.மீ., 72 விநாடி என்றால் 5 கி.மீ., 90 விநாடி என்றால் 4 கி.மீ. என்று ஒரு பலகையும் வைத்தால், கைப்பேசிச் செயலி இல்லாதவரும் தன் வேகநடையையும் மெதுநடையையும் அளந்துகொள்வார். பெயின்ட் செலவு மட்டும்தான். 400 மீட்டருக்கு ஒன்றாகப் பெஞ்சும், பூட்டு தொங்காத கழிப்பறையும் சேர்ந்தால், சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை சாப்பிடும் ரத்த அழுத்த நோயாளிகளும் தயங்காமல் வருவார்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி