செய்தி வராத ஊர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமிருந்து தகவல் இல்லையே என்று தவிப்பவரிடம் 'நோ நியூஸ் இஸ் குட் நியூஸ்' என்று ஆங்கிலத்திலேயே ஆறுதல் சொல்வது நம் வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது. கெட்டது ஏதும் நடந்திருந்தால் இதற்குள் சேதி வந்திருக்கும், வராததால் நலமாகத்தான் இருப்பார் என்பது அதன் பொருள். தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே, உறையைப் பிரிக்கும் முன்பே அழுகை தொடங்கிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (வேலைக்கான உத்தரவும் தந்தியில் வந்ததுண்டு, ஆனால் யாருக்கும் முதலில் அது நினைவுக்கு வந்ததில்லை.) 2013 ஜூலையில் தந்திச் சேவையும் நின்றுபோனது.

இந்த ஆறுதலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கெட்டது நடந்தால் அதைச் சொல்ல ஆளும் வழியும் இருக்க வேண்டும். 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளியன்று மாலைச் செய்தி நேரத்தில் பிபிசி வானொலி, சொல்வதற்குச் செய்தி எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டு மீதி நேரத்துக்குப் பியானோ இசையை ஒலிபரப்பியது. அதே நாள் இரவில்தான் அன்றைய வங்காளத்தின் சிட்டகாங்கில் சூர்யா சென் தலைமையிலான புரட்சியாளர்கள் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினர். தந்தி, தொலைபேசித் தொடர்புகளையும் துண்டித்தனர்.

இன்று இதற்கு நேர்மாறான நிலை. செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரத்தையும் நிரப்பியாக வேண்டிய அலைவரிசைகள், காலையில் சொன்னதையே மாலை வரை 'சற்றுமுன்' என்ற பட்டையுடன் காட்டுகின்றன. கைப்பேசியோ அதையே பத்து செயலிகளின் வழியாகப் பத்து முறை ஒலிக்கச் செய்கிறது. இந்த இரைச்சலுக்குள் எந்த ஊர் பேசாமல் இருக்கிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்கு முந்தைய நாள்களில் நம் திரைகளில் பெரும்பாலும் சென்னைக் கடற்கரையே தெரிந்தது. மழையோ விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட நீர், தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போன ஊரில் உறவினர் இருந்தால், அந்த ஊரைப் பற்றிச் செய்தி வராததை நல்ல செய்தியென்று எப்படி எடுத்துக்கொள்வது?

பழமொழி பொய்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழைநாளில் மாவட்ட ஆட்சியரிடமிருந்து விடுமுறை அறிவிப்பு வராவிட்டால் பள்ளி உண்டு என்று பெற்றோர் பிள்ளைகளைக் கிளப்பத்தானே செய்கிறார்கள்? விடுமுறை என்றால் அறிவிப்பு வந்தே தீரும் என்ற நம்பிக்கை அங்கே இருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். தங்கள் நாளிதழின் செயலி, நிலைமையில் மாற்றம் இருந்தால் மட்டும் கைப்பேசிக்கு அறிவிப்பு அனுப்பட்டும். புயல், வெள்ளக் காலங்களில், நிருபர்களால் இன்னும் தொடர்புகொள்ள முடியாத ஊர்களின் பெயர்களை வட்டவாரியாகத் தொகுத்து, முதல் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
விழுப்புரம்.