உபயம் எழுதும்போதே பராமரிப்புக்கும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

செட்டிநாட்டுக் கோயில் திருப்பணிகள் பற்றிய தங்கள் கட்டுரையில், இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களை மன்னர்கள் கட்டினார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. பெரிய மடாலயங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஊர்த் தேவாலயங்களில் பலவற்றை எழுப்பியது கம்பளிப் பணம். நார்த்லீச்சில் 1458-ல் இறந்த கம்பளி வணிகர் ஜான் ஃபோர்ட்டி ஊர்த் தேவாலயத்துக்கு 300 பவுண்டு பணம் எழுதி வைத்தார். அவர் கல்லறைப் பித்தளைத் தகட்டில் காலடியில் ஓர் ஆடும் ஒரு கம்பளி மூட்டையும் இருக்கும். லாவன்ஹாம் கோபுரத்துக்கு 1523-ல் ஜவுளி வணிகர் தாமஸ் ஸ்பிரிங்கின் உயிலில் 200 பவுண்டு. லாங் மெல்ஃபோர்டில் வெளிச்சுவர் நெடுக உபயதாரர் பெயர்கள்தான். படிப்பவர் அவர்கள் ஆத்துமாவுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. டியூப்லைட்டில் பெயர் எழுதும் நம்மவர்களைக் கேலி செய்கிறவர்கள் கவனிக்க.

பணம் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. வால்பர்ஸ்விக் ஊரார் 1420-களில் இரண்டு கொத்தனார்களோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. கோபுரம் ஒரு கெஜம் உயர 40 ஷில்லிங் கூலி. வாசல், ஹேல்ஸ்வொர்த் ஊர்த் தேவாலயத்தின் வாசலுக்குக் குறையக் கூடாது. வேலை மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை மட்டும். சுண்ணாம்புக் காரை மெல்லத்தான் இறுகும். ஈரம் காயுமுன் உறைபனி பிடித்தால் உதிர்ந்துவிடும். அதனால் கோபுரம் வருடத்துக்குச் சில அடிதான் ஏறும். நம் ஊரில் உறைபனி இல்லை, கும்பாபிஷேகத் தேதி இருக்கிறது. நாளைக் குறித்துவிட்டு விரட்டினால், காயாத சுதை மேல் வர்ணம் ஏறுகிறது. அடுத்த மழைக்குள் பொருக்குவிட்டு உரிகிறது.

கட்டிய பிறகு யார் பார்ப்பது என்பதிலும் அன்று அங்கே குழப்பம் இருக்கவில்லை. மக்கள் நிற்கும் கூடம் ஊராரின் பொறுப்பாகவும், பீடப் பகுதி பாதிரியாரின் பொறுப்பாகவும் இருந்தன. கூடத்துக்கு வேண்டிய பணத்துக்கு ஊரே கூடி பீர் காய்ச்சி விற்றதும் உண்டு! தனி உபயதாரர்கள் தங்கள் ஆத்துமாவுக்கான திருப்பலி வழிபாட்டுக்கென்று எழுதி வைத்த நிலங்களை 1547 சட்டம் அரசுக்கு எடுத்துக்கொண்டது. ஊராரின் பொறுப்பில் இருந்த கூடங்களுக்கு அந்த ஆபத்து வரவில்லை.

நகரத்தார் கோயில்களுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுக் கட்டும் புள்ளி வரியும், எல்லாரும் சேர்ந்து பொறுப்பேற்கும் இதே வழிதான். அதை வைத்துக்கொண்டே ஒன்று செய்யலாம். திருப்பணிக்கு வரும் ஒவ்வொரு உபயத்திலும் ஒரு பங்கை, தளத்து ஓட்டையை அடைக்கவும் விமானத்தில் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு எடுக்கவும் மட்டும் என்று எழுதி, வைப்புநிதியில் போடட்டும். எவ்வளவு பங்கு என்பது ரசீதிலேயே அச்சாகட்டும்.

– ஒரு வாசகர், காரைக்குடி