டோக்கியோல இருந்து மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். போன்ல பேசினா ரெண்டு வார்த்தைல அத்தைகிட்ட குடுத்துடுறீங்க, அதான் உக்காந்து எழுதுறேன். இங்க குளிர் ஆரம்பிச்சிருச்சு, சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. சாப்பாட்டுக்கு குறை இல்ல, நிஷி கசாய்னு ஒரு ஏரியால நம்மாளுக நிறைய இருக்காங்க, உளுந்து பெருங்காயம் எல்லாம் கிடைக்குது.

விஷயம் என்னன்னா, ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ்ல ஒரு அம்மா இருக்காங்க, ஐம்பது வயசு தாண்டியிருக்கும், யார்கிட்டயும் அதிர்ந்து பேசாது. நான் தமிழ்நாடுன்னதும் அந்தம்மா கேட்ட மொத கேள்வி ரஜினிய நேர்ல பாத்திருக்கியான்னு. 'முத்து' பாட்டு முழுக்க தெரியுது மாமா, அர்த்தம் தெரியாது ஆனா தில்லானா தில்லானாவ அட்சரம் பிசகாம பாடுது.

நம்மூர்ல 95 தீபாவளிக்கு வந்த படம் இங்க 98லதான் ரிலீஸ். எடோகி ஜுன்னு ஒரு சினிமா விமர்சகர் சிங்கப்பூர் லிட்டில் இந்தியால ஒரு கடைல அந்த வீடியோவ பாத்துட்டு, மயங்கிப்போய் இங்க கொண்டுவர வழி பண்ணாராம். ஷிபுயால சினிமா ரைஸ்னு ஒரு தியேட்டர்ல அஞ்சு மாசம் தாண்டி ஓடியிருக்கு. இங்க வச்ச பேரு 'முத்து, ஆடும் மகாராஜா'. இங்க வந்த இந்தியப் படங்கள்லயே இதோட கலெக்‌ஷன் ரெக்கார்டு 24 வருஷம் நின்னுருக்கு, 2022ல ஆர்ஆர்ஆர் வந்துதான் உடைச்சுச்சு, நீங்க இதுக்கு மனச போட்டு உழப்பிக்காதீங்க.

அந்தம்மாவுக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு போல. 97 கடைசில யமாய்ச்சின்னு பெரிய பங்கு கம்பெனியே கவுந்து, யாருக்கு எப்ப வேலை போகும்னு தெரியாம ஊரே மூஞ்சிய தொங்கப் போட்டிருந்த நேரமாம். அந்த நேரத்துல திரைல இவரு குதிரை வண்டிய விரட்டிட்டு சிரிச்சா எப்படி இருக்கும், வேலை முடிஞ்சு நேரா தியேட்டருக்குத்தானாம், எத்தன தடவன்னு அதுக்கே கணக்கில்ல. நீங்க மில்லுல ஸ்டிரைக் நடந்தப்ப மொத ஷோ போனதுக்கு அத்தைகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டத சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சுச்சு.

போன மாசம் என்னைய மசாலா ஸ்கிரீனிங்குக்கு கூட்டிட்டுப் போச்சு. இங்க சாதாரணமா தியேட்டர்ல பாப்கார்ன் கடிக்கிற சத்தம் கூட கேக்காது, பேரு ஓடி முடிஞ்சு லைட் போடுற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. ஆனா மசாலா ஸ்கிரீனிங்னா கத்தலாம், ஆடலாம், பேப்பர் தூவலாம்னு தியேட்டரே பர்மிஷன் குடுக்குது! சேலை கட்டி பொட்டு வச்ச ஜப்பான் பாட்டிக கைல தம்பூரின், மீனா வந்தா ஒரு கூச்சல், செந்திலும் வடிவேலும் வந்தா அதுக்கும் கூச்சல். நான்தான் வெக்கப்பட்டு உக்காந்திருந்தேன், அப்புறம் குலுவாலிலே வந்ததும் நானும் விசிலடிச்சுட்டேன். படம் முடிஞ்சதும் தூவின பேப்பர எல்லாம் அவங்களே குனிஞ்சு பொறுக்கி பையில போட்டாங்க மாமா, நம்மூர்ல இதச் சொன்னா அடிக்க வருவாங்க.

எனக்கு ஒரு குறை என்னன்னா, அதே 95ல பொங்கலுக்கு வந்த பாட்ஷாதான் பெருசுன்னு நான் சொன்னா அந்தம்மா ஒத்துக்கவே மாட்டேங்குது. அதுல ஆட்டம் கம்மி, அடிதடி ஜாஸ்தியாம். முத்துல அந்த ஜமீன்தார் பிளாஷ்பேக் இழுவைன்னு நாம சொல்லுவோம்ல, அதுக்குத்தான் இவங்க கண்ண தொடைச்சுக்கிறாங்க. அதுல எஜமானா நடிச்ச சரத்பாபு 2023ல இறந்துட்டார்னு சொன்னேன், அன்னைக்கு பூரா அது பேசவே இல்ல.

சினிமா ரைஸ 2016லயே மூடிட்டாங்க. அந்த கட்டடத்த காட்டுச்சு, இப்ப அங்க பாட்டுக் கச்சேரிதான் நடக்குது. நம்ம தியேட்டர் கல்யாண மண்டபமாயிருச்சுன்னேன், பரவால்ல அங்கயும் பாட்டு இருக்கும்ல அப்படின்னுச்சு.

அடுத்த சித்திரைக்கு அந்தம்மா மதுரை வருது, பாட்ஷா சண்டைய நீங்களே நேர்ல தீத்துக்கோங்க. பரண்ல இருந்த முத்து ஆடியோ கேசட்டையும் மீனா காலண்டரையும் அத்தை பழைய பேப்பர்காரனுக்கு போடாம இருந்தா எடுத்து வைங்க, நான் குடுக்குறேன்னு வாக்கு குடுத்துட்டேன்.

இப்படிக்கு,
உங்க மருமகன்